எதிர்ச்செதில்

ஒட்டுநாடாவைத் தோலின் மேல் அழுத்தி, நகத்தால் ஒரு தடவை நீவி, பிறகு மெதுவாக இழுத்தாள் யோசெப்பின். நாடாவோடு ஒரு வரிசைச் செதில்கள் கழன்று வந்தன. வெங்காயச் சருகைப்போல மெல்லியவை. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். செதில் போன இடத்தில் பாம்பின் சாய்சதுரக் கோலங்கள் இன்னும் துலக்கமாகத் தெரிந்தன. வில்லின் முதுகில் பாம்புத் தோலை ஒட்டிக் காயவைத்தபின் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான். கழலக்கூடிய செதில் எல்லாவற்றையும் இப்போதே கழற்றிவிட வேண்டும். ஒன்றை மறந்து அதன்மேல் வார்னிஷ் பூசினால், ஆறு மாதத்தில் அது வார்னிஷையும் தூக்கிக்கொண்டு எழும்பும்.

பட்டறை நகரத்துக்கு வெளியே, ஆற்றின் அக்கரையில் இருக்கும் லொங்குய்யில், ஒரு சிறிய வீட்டின் பின்வளவில் இருந்தது. றெஜான் மரத்தைச் சீவி வளைத்து வில் செய்வார். தோல் போர்த்தி, மெருகேற்றி, கைப்பிடிக்கு மான்தோல் சுற்றி முடிப்பது யோசெப்பினின் பொறுப்பு. கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மெட்ரோ மாறி மாறி, கடைசியில் மஞ்சள் கோட்டு ரயிலில் ஏறி ஆற்றுக்கு அடியால் வந்து, அதற்குப் பிறகும் ஒரு பஸ் பிடிக்க வேண்டும். அந்தத் தூரத்தை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. பத்தொன்பது வருடம் கையுறை தைத்த தொழிற்சாலை மூடப்பட்டபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில், தன் அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்? றெஜான் தந்தார். படிப்பு என்ன, பத்திரம் என்ன என்று அவர் கேட்கவில்லை. ஈரமான மான்தோல் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, இது எந்தப் பக்கம் அதிகம் இழுபடும் என்று கேட்டார். அவள் கண்ணை மூடி இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துச் சொன்னாள். "திங்கட்கிழமை வாங்கோ, மடாம் ஜோ," என்றார். பாம்புத் தோலிலும் வேலை செய்யவேண்டும் என்பது திங்கட்கிழமைதான் வெளியே வந்தது.

அவளுக்குப் பாம்பென்றால் படத்தில் பார்த்தாலே காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்ளும் பயம். போதாக்குறைக்கு அவளுடைய பங்குக் கோயிலில் மாதா சுருவம் பாம்பின் தலையை மிதித்துக்கொண்டுதான் நிற்கிறது. முதல் கிழமை கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தாள், தோல் வழுக்கியது. இரண்டாம் கிழமை ஒரு செபமாலை சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். இப்போது இரண்டு வருடமாகிவிட்டது. ஞாயிறு பூசையில் கண் தன்பாட்டில் மாதாவின் காலடிக்குப் போகும். செதிலை எந்தப் பக்கம் செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கும்.

அந்த ஏப்ரல் காலையில் வளவோரத்துப் பனிக்குவியல் கறுத்துச் சிறுத்து உருகிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உயரமான ஒரு பெண் உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும். பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான ஒன்றை, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

"பொன்சூர். றெஜான் நிக்கிறாரோ?"

யோசெப்பினின் பிரெஞ்சு தையல் மெசினுக்குப் பின்னால் இருந்து பழகியது. பேசும்போது தடக்கும், கேட்கும்போது தடக்காது. மற்றவர்கள் சொல்வது காதுக்குள் போகும்போதே வீட்டுத் தமிழாகிவிடும். அவள் பதில் சொல்வதற்குள் றெஜான் விறகோடு உள்ளே வந்தார். வந்தவரைப் பார்த்ததும் விறகைக் கீழே வைத்தார், தொப்பியைக் கழற்றினார், அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர் கிஸ்லேன். மகன் மத்தியூ போன ஜூலையில் இங்கே நான்கு நாள் வகுப்புக்கு வந்து, தன் கையாலேயே ஒரு வில் செய்துகொண்டு போனவன். இருபத்தாறு வயது. அவனை யோசெப்பினுக்கும் ஞாபகம் இருந்தது. மதிய இடைவேளையில் அவளிடம் பாம்புத் தோல் ஒட்டுவதைப் பற்றி நூறு கேள்வி கேட்டு, பதிலை முழுக்கக் கேளாமல் அடுத்த கேள்விக்குப் பாய்ந்தவன். ஒரு சோடித் தோலும் வாங்கிப்போனான். ஒக்டோபரில், ஒரு மழைநாளில், சைக்கிளில் வேலைக்குப் போனவனை லொறி அடித்துவிட்டது.

விரிப்பை அவிழ்த்தபோது வில்லின் மேற்பாதியில் தோல் ஒட்டியிருந்தது. கீழ்ப்பாதி வெறும் மரம். ஒட்டாத இரண்டாவது தோல் காய்ந்து சுருண்டு, ஒரு ரப்பர் பட்டிக்குள் கிடந்தது.

"ஜூன் பதினாலு அவன்ரை பிறந்தநாள்," என்றார் கிஸ்லேன். "அவன்ரை சிநேகிதங்கள் எல்லாம் வருதுகள். ஆளுக்கொரு அம்பு விடப்போறமெண்டு சொல்லுதுகள். அதுக்கு முதல் இதை முடிச்சுத் தருவியளோ?"

"தருவம்," என்றார் றெஜான்.

கிஸ்லேன் போனபின் யோசெப்பின் வில்லை யன்னலடிக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கிக் கையை ஓட்டியபோது விரலில் செதில் தட்டியது. மீனை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி. பாம்பின் தலைப்பக்கம் கைப்பிடியில் இருக்க வேண்டும், வால்பக்கம் நுனியில். அப்போதுதான் செதில் எல்லாம் நுனியை நோக்கிப் படியும், கையிலோ உடுப்பிலோ மாட்டாது. பையன் தலைகீழாக ஒட்டியிருந்தான். தோல் நல்ல அகலமானது என்பதால் அளவு பொருந்திவிட்டது. அவனுக்குப் பிழை தெரிந்திருக்காது. நகத்தால் தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் ஓசை மாறியது. உள்ளே காற்று, பசை பிடிக்கவில்லை.

றெஜானும் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "உரிச்செடுங்கோ. என்னட்டை நல்ல சோடி ஒண்டு இருக்கு. அதைப் போட்டுச் சரியாச் செய்து குடுப்பம்."

"தாயைக் கேக்க வேண்டாமோ?"

"என்னத்தைக் கேக்கிறது? உங்கடை பிள்ளை பிழையா ஒட்டினவன் எண்டோ? அந்த மனுசிக்கு இருக்கிற கவலை காணாதோ?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. "பாம்புத் தோலிலை அவவுக்கு எது தலை, எது வால்? வடிவா இருந்தாச் சரி."

அதுவும் நியாயம்தான். யோசெப்பின் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். சூடான ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பசை இளகும், தோலின் ஓரம் தூக்கும், பிறகு பழத்தோல் உரிப்பதுபோல உரிக்கலாம். துணியைச் சுற்றுவதற்கு வில்லைத் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தாள். தோலை அழுத்தியபோது ஓரத்தால் பிதுங்கி வழிந்த பசையை அவன் துடைக்காமல் விட்டிருக்கிறான். பக்கவாட்டு மரத்தில் அது கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு பெருவிரல் ரேகை. கோடு கோடாக, ஒரு கோடும் குலையாமல்.

துணி கையிலேயே ஆறிப்போனது.

"இதை நீங்கள் உரியுங்கோ. என்னாலை ஏலாது," என்று றெஜானிடம் கொண்டுபோனாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்த ரேகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப நீங்கள்தான் தாயோடை கதைக்க வேணும்," என்றார். "எனக்கு வாய் வராது."

யோசெப்பினுக்குப் பிரெஞ்சில் தொலைபேசுவது பாம்பைவிடப் பெரிய பயம். ஆளின் முகம் தெரியாது, கையைக் காட்டி விளங்கப்படுத்தவும் முடியாது. சொல்ல வேண்டிய பிரெஞ்சை ஒரு கடதாசியில் தமிழ் எழுத்திலே எழுதிவைத்து வாசித்தாள். மறுமுனையில் கிஸ்லேன், "வியாழக்கிழமை வாறன்," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை அவள் எதையும் மறைக்கவில்லை. கிஸ்லேனின் கையைப் பிடித்து வில்லின் மேல் வைத்தாள். "இப்பிடித் தடவுங்கோ. தட்டுதெல்லே? தலைப்பக்கம் வால்பக்கம் மாறிப்போச்சு. உங்கடை மகன் தலைகீழா ஒட்டிப்போட்டார்."

கிஸ்லேன் ஒருமுறை தடவினார். இன்னொரு முறை தடவினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "அவன் சேர்ட்டையும் பாதி நாள் மறுபக்கமாத்தான் போட்டுக்கொண்டு போவான்," என்றார். "சொன்னால், ஆர் பாக்கப்போகினம் எண்டு கேப்பான்." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். யோசெப்பின் ரேகையைக் காட்டினாள்.

"தொட்டால் அழியுமோ?"

"அழியாது. பசை இறுகியிட்டுது. அதுக்கு மேலை வார்னிஷ் பூசினால் இன்னும் காலத்துக்கும் கிடக்கும்."

அந்த அம்மா சின்ன விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தார்.

மேல்தோலை அப்படியே விடுவது என்று முடிவாயிற்று. காற்றுப் புகுந்த இடத்தில் ஊசியால் துளையிட்டு உள்ளே பசை ஏற்றினால் போதும். கீழ்த்தோலை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதுதான் கேள்வி. யோசெப்பின் கேட்பதற்கு முன்னரே, "அவன் செய்த மாதிரியே," என்றார் கிஸ்லேன். அடுப்படியிலிருந்து றெஜான் முனகினார். அவள் வந்த இரண்டு வருடத்தில் அந்தப் பட்டறையிலிருந்து ஒரு வில்லும் எதிர்ச்செதிலோடு போனதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்புக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

காய்ந்த தோலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டிருந்தாள். அரைமணியில் அது மெதுமெதுவென்று, இப்போதுதான் கழற்றிய காலுறையைப்போல ஆகிவிட்டது. மரத்தை மென்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு எடுத்தாள். பசை பூசினாள். "இந்த நுனியைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ," என்று வால்பக்கத்தைக் கிஸ்லேனிடம் கொடுத்தாள். தோலைப் பரப்பியபின் நேரம் அதிகமில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெருவிரலால் நீவி நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பசை பிடிக்கும்வரை கையை எடுக்கக்கூடாது. எடுத்தால் தோல் சுருங்கி விலகிவிடும்.

அப்படிக் கை இரண்டும் தோலில் இருக்கும்போதுதான் கிஸ்லேன் பேசத் தொடங்கினார். மத்தியூ தன் மருத்துவ அட்டையின் பின்பக்கத்தில், தான் செத்தால் உறுப்புகளை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்தானாம். அது தனக்குத் தெரியாதாம். ஆசுப்பத்திரியில் இரண்டாம் நாள் ஒரு பெண் வந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, கேட்டாளாம்.

"அஞ்சு பேருக்குக் குடுத்தது. இருதயம், ஈரல், கிட்னி ரெண்டு, இன்னுமொண்டு. ஆருக்கெண்டு சொல்லமாட்டினம். அவையள் விரும்பினால் கடிதம் எழுதலாம், பேர் இல்லாமல். எழுதாமலும் விடலாம், எதிர்பாக்க வேண்டாமெண்டு முதலே சொன்னவை." தோலின் நுனியை அவர் கவனமாகப் பிடித்திருந்தார். "நான் எதிர்பாக்கேல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறக்கிறன். எனக்கு நன்றி தேவையில்லை, மடாம். அந்த அஞ்சு பேரிலை ஒராளெண்டாலும் காலமை எழும்பி ஏதும் சாப்பிடுதோ எண்டு தெரிஞ்சாக் காணும்."

யோசெப்பின் தலை நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. கையைத் தூக்கி முகத்தை மறைக்கவும் வழியில்லை. பெருவிரல்கள் தம்பாட்டில் நீவிக்கொண்டிருந்தன.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு பெப்ரவரியில், அவளுடைய கணவன் அம்புறோசுக்கு ஒரு கிட்னி கிடைத்தது. அதற்கு முன் மூன்று வருடம் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மூன்று வருடமும் அவள் ஒரு நாள் தவறாமல் செபித்தாள். ஒப்பரேசன் முடிந்து, அவருடைய முகத்தில் நிறம் திரும்பி, எல்லாரும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், தான் மூன்று வருடம் எதைக் கேட்டுச் செபித்தேன் என்று அவளுக்கு உறைத்தது. எங்கேயோ ஒரு வீட்டில் சாவு விழவேண்டும் என்றல்லவா. கடிதம் எழுதலாம் என்று ஆசுப்பத்திரியில் ஒரு துண்டுக் கடதாசி தந்தார்கள். நாலைந்து தடவை எழுத இருந்தாள். உங்கள் வீட்டு இழவுக்கு நன்றி என்று எந்தப் பாசையில் எழுதுவது? துண்டு அலுமாரித் தட்டில், ஞானஸ்நானப் பத்திரங்களுக்கு அடியில் போய்விட்டது. எழுதாமல் விட்டதை அவள் ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தாள். புண்ணைக் கிளறாமல் விடும் மரியாதை.

"என்ரை மனுசனுக்கும் ஒரு கிட்னி கிடைச்சது," என்றாள். குரல் தோலுக்குச் சொல்வதுபோல வந்தது. "ஆறு வருசம். உங்கடை மகன்ரை இல்லை. அது வேறை ஆரோ, அதுக்கும் முந்தி. நான் எழுதேல்லை, மடாம். இண்டைவரைக்கும் எழுதேல்லை."

அடுப்புக்குள் விறகு ஒன்று சரிந்தது. கிஸ்லேன் எழும்பிப் போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். போனால் தோலின் நுனி விடுபட்டுவிடும் என்றும், அந்த நேரத்திலும், கை நினைத்தது.

கிஸ்லேன் நுனியை விடவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்:

"அவர் காலமை என்ன சாப்பிடுவார்?"

யோசெப்பினுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "பாண்," என்றாள். "பாணும் சம்பலும். தேங்காயிலை செய்யிறது, உறைப்பா இருக்கும். தேத்தண்ணி. பிறகு ஒரு வாழைப்பழம்." ஒரு மூச்சு எடுத்தாள். "டயாலிசிஸ் செய்யேக்கை வாழைப்பழம் தொடக்கூடாது. இப்ப ஒவ்வொரு நாளும் ஒண்டு. தோலை உரிச்சு அப்பிடியே மேசையிலை போட்டிட்டுப் போவார். நான் பேசுவன்."

"வாழைப்பழம்," என்றார் கிஸ்லேன், வாய்க்குள் வைத்துச் சுவைத்துப் பார்ப்பதுபோல. "ஒவ்வொரு நாளும்?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

அவர் தலையாட்டினார். பசை பிடித்துவிட்டதா என்று யோசெப்பின் ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். பிடித்திருந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே வைத்திருந்தாள்.

காய்வதற்கு இரண்டு நாள் விட்டாள். பிறகு ஓரங்களை அரத்தால் கீழ்நோக்கி மட்டும் அராவி எடுத்தாள். மேல்நோக்கி அராவினால் தோல் கிளம்பும். நாடாவால் செதில் கழற்றினாள். எதிர்த்திசையில் இருந்ததால் வழமையைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. வார்னிஷ் ஏழு பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு நாள், ஒவ்வொரு நாளும் மென்தாளால் ஒரு தேய்ப்பு. ஐந்தாவது பூச்சில் கையில் செதில் தட்டுவது நின்றுவிட்டது. எந்தப் பக்கம் தடவினாலும் வழவழவென்று ஓடியது. தடவிப் பார்த்த றெஜான், "இதை நான் கற்பிக்கேல்லை," என்று சொல்லி, தன் பெயர் பொறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய முதல் எழுத்தையும் பொறிக்கலாமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். மத்தியூவின் எழுத்தைப் பொறிக்கச் சொன்னாள்.

வில்லை வாங்க வந்தபோது கிஸ்லேன் நெடுநேரம் நிற்கவில்லை. பட்டறையின் பின்னால் ஒருதரம் நாணை இழுத்துப் பார்த்தார். பாதிக்குமேல் இழுக்கத் தென்பு போதவில்லை. "ஜூனுக்குள்ளை இழுப்பன்," என்றார். போகும்போது யோசெப்பினின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து மதியம் சாப்பிட்டபின், யோசெப்பின் அலுமாரித் தட்டைக் கிளறி அந்தத் துண்டை எடுத்தாள். மகள் அஞ்சலீனாவைக் கூப்பிட்டு மேசையில் இருத்தினாள். அஞ்சலீனா குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள். அவளுடைய பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. கணினியைத் திறந்து, "அன்பான குடும்பத்தினருக்கு" என்று பிரெஞ்சில் அடித்துவிட்டு, "சொல்லுங்கோ அம்மா," என்றாள்.

"பேர் போடக்கூடாது. இடமும் போடக்கூடாதாம்."

"தெரியும். மிச்சத்தைச் சொல்லுங்கோ."

யோசெப்பின் வாயைத் திறந்தாள். "உங்களுக்கு எப்பிடி நன்றி…" என்று தொடங்கி நிறுத்தினாள். "இல்லை, அது வேண்டாம். ஆண்டவர்… அதுவும் வேண்டாம். அவை எந்தச் சமயமோ." பட்டறையில் அவ்வளவு இலகுவாக வந்த வாழைப்பழம்கூட இப்போது ஏதோ அற்பமாகத் தெரிந்தது. மகள் அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள்.

சோபாவில் படுத்திருந்த அம்புறோஸ் எழும்பி உட்கார்ந்தார். அவருக்கு அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "நான் சொல்லுறன், எழுது பிள்ளை," என்றார். "நான் ஒழுங்காச் சலம் போறன் எண்டு எழுது."

"அப்பா!"

"என்ன அப்பா? மூண்டு வருசம் ஒரு சொட்டு மூத்திரம் போகேல்லை. தண்ணி தாகத்துக்கு ஐஸ்கட்டியைச் சூப்பிக்கொண்டு திரிஞ்சனான். ஒப்பரேசன் முடிஞ்சு முதல்தரம் போகேக்கை அந்த நேர்ஸ் பிள்ளை கை தட்டினது. நான் அழுதனான். உன்ரை அம்மாவுக்கும் தெரியாது." அவர் யோசெப்பினைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "அந்த வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லாமல் வேறை என்னத்தைச் சொல்லுறது? அதுதானே அவையின்ரை பிள்ளை எனக்குச் செய்யிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத்தரம்."

அஞ்சலீனா தாயைப் பார்த்தாள். இதை எழுதலாமா என்ற கேள்வி அவள் முகத்தில் இருந்தது, சிரிப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

"அப்பா சொன்ன மாதிரியே எழுது," என்றாள் யோசெப்பின். "அந்த நேர்ஸ் கை தட்டினதையும் எழுது."

மகள் அடிக்கத் தொடங்கினாள். அம்புறோஸ் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அண்ணாந்து குடித்தார், மூடியைத் திருகிவைத்தார், செருப்பை இழுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். வழக்கம்போலக் கதவை முழுக்கச் சாத்தவில்லை. அந்தத் தொடர்மாடி வீட்டின் சுவர்கள் மெல்லியவை. உள்ளே ஓசை தொடங்கியதும் அஞ்சலீனாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றுவிட்டன. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பூசையில் மணி அடிக்கும்போது இருப்பதுபோல, அசையாமல் இருந்து கேட்டார்கள். அது ஒருமுறை நின்றது, பிறகு மறுபடி தொடங்கி, நெடுநேரம் ஓடியது.